ராக்குக்குப் புதுச் சட்டை போதும், கடையை அடகு வைக்க வேண்டாம்

ஆயுத பூஜை நெருங்கினால் நம் மளிகைக் கடைகளில் ஒரு வேலை தானாக நடக்கும். ராக்கில் இருக்கும் சரக்கையெல்லாம் இறக்குவோம். தட்டுகளைத் துடைப்போம். நைந்துபோன பழைய செய்தித்தாளை எடுத்து எறிந்துவிட்டு வேறு தாள் விரிப்போம். தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். அத்துடன் கடை புதிதாகிவிட்டது என்று நமக்கு ஒரு திருப்தி. நம் தந்தையார் காலத்தில் இதற்கு ஆன செலவு ஒரு கட்டுப் பழைய பேப்பரும் ஒரு நாள் உழைப்பும்தான்.

இன்று அந்தத் திருப்தி போதவில்லை. எதிர்த் தெருவில் குளிர்சாதன வசதியோடு பெரிய அங்காடி திறந்திருக்கிறது. செல்போனில் விரலை வைத்தால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே பருப்பும் சோப்பும் வந்து சேர்கின்றன. நமது வாடிக்கையாளரின் பிள்ளைகள் வெள்ளை வெளேர் என்ற தட்டுகளைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நம் கடைக்குள் வந்து, ஓரம் உடைந்து, எண்ணெய்க் கறை படிந்த ராக்கைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுவதை நாம் கவனிக்காமல் இல்லை.

இந்த நேரம் பார்த்து, "கடையை மாடர்னா மாத்திடலாம் அண்ணாச்சி" என்று ஒருவர் படத்தோடு வருகிறார். கூரையில் பொய்த்தட்டு, வரிசையாக விளக்கு, புது ராக், கண்ணாடிக் கவுண்ட்டர் என்று எல்லாம் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பணம் இல்லை என்றால் கடனுக்கும் அவரே வழி சொல்கிறார்.

இது குறித்து நமது கருத்தைச் சங்க நண்பர்கள் முன் வெளிப்படையாக வைக்க விரும்புகிறோம்.

வட்டிக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையைப் புதுப்பிக்க 3 லட்சம் ரூபாய் வெளியில் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். நாளொன்றுக்கு 200 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது. மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் நிற்பதாகக் கொண்டால், அந்த 200 ரூபாயைச் சம்பாதிக்க நாள்தோறும் 4,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். புது விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளும் 4,000 ரூபாய்க்குப் புது வியாபாரம் வந்து சேருமா? அவரவர் தெருவை நினைத்து அவரவரே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கடன் வாங்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சரக்குக்கு வாங்கிய கடன் சரக்காகக் கடையில் இருக்கிறது. பொய்த்தட்டுக்கு வாங்கிய கடன் ஆணி அடித்த அன்றே பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. வாடகைக் கடையாக இருந்தால் காலி செய்யும் நாளில் அது கட்டட உரிமையாளருக்குப் போய்விடும்.

ஆகவே, கடை பழசாகத் தெரிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, ராக் உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது ராக்கின் மேல்தோல் மட்டும் கெட்டிருக்கிறதா என்பதுதான். மேல்தோல் மட்டும் என்றால் அதற்குச் சில ஆயிரத்தில் முடியும் வழி ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பசையோடு சுருளாக வரும் வினைல் ஸ்டிக்கர் ஷீட்தான் அது. மர வரி, வெள்ளை, சலவைக்கல் என்று பல தினுசில் பாத்திரக் கடையிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் தொங்குகிறதே, அதே பொருள்தான்.

தீப்பெட்டி விற்ற சிறுவன்

இன்று நம் கடைகளில் இருக்கும் ராக்குகளில் பல, தச்சர் இழைத்த தேக்கு ராக்குகள் அல்ல. அட்டைப் பெட்டியில் தட்டையாக அடுக்கி வந்து, நாமே திருகு முடுக்கி நிறுத்தியவை. இந்த முறையை உலகெங்கும் பரப்பியவரின் கதை நம்மைப் போன்ற சில்லறை வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஸ்வீடன் நாட்டில் 1926இல் பிறந்த இங்வார் காம்ப்ராட் சிறு வயதிலேயே ஸ்டாக்ஹோம் நகரிலிருந்து தீப்பெட்டிகளை மொத்தமாக வரவழைத்து, அக்கம்பக்கத்தில் சில்லறையாக விற்று லாபம் பார்த்தவர். 1943இல், தமது 17ஆம் வயதில், ஐகியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல், அதன் கால்களைக் கழற்றி வைத்தபோது பிறந்தது இந்த யோசனை என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. 1956இல் தட்டைப் பெட்டியில் மேசை விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவில் தனது முதல் கடையைத் திறந்தது.

இதில் உள்ள சூட்சுமம் மொத்த வியாபாரிக்கு உடனே விளங்கும். நிறுத்திய அலமாரியை லாரியில் ஏற்றினால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறோம். பிரித்து அடுக்கினால் ஒன்று ஏற்றும் இடத்தில் பல ஏறும். கிடங்கிலும் இடம் மிச்சம். பொருத்தும் கூலியும் வாங்குபவர் தலையில். விலை குறைந்ததற்குக் காரணம் இவைதாம். கூடவே இன்னொரு காரணமும் உண்டு. அது பலகை.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

இந்த ராக்குகளின் பலகை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் மரச் சிராய்களையும் பசை சேர்த்து, சூடாக அழுத்திச் செய்தது. அதன்மேல் வழவழப்பான தாளோ லேமினேட்டோ ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். மேல்தோல் நன்றாக இருக்கும்வரை பலகை நன்றாக இருக்கும். ஓரப் பட்டை பெயர்ந்து தண்ணீர் உள்ளே போனால் ரொட்டி ஊறுவதுபோல் ஊறிப் பருத்துவிடும். ஒருமுறை பருத்த பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. திருகு பிடித்த இடமும் விட்டுவிடும்.

ஸ்டிக்கர் ஷீட் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய தோல். நாம் வாங்குபவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அது அழுக்கு படியாமல் காக்கும். ஈரத் துணியால் துடைக்க உதவும். கீறலையும் நிறம் மங்கியதையும் மறைக்கும். பலகைக்குப் பலம் சேர்க்காது. இதை மறந்ததால் நாம் பட்ட பாட்டை இங்கே சொல்லிவிடுகிறோம்.

நம் கடையில் ஒரு ராக்கின் அடித்தட்டில் கல் உப்புப் பாக்கெட்டுகளை அடுக்குவது வழக்கம். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது மளிகைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாததற்குத் தினமும் தரையைக் கழுவிவிடும்போது தண்ணீர் அந்தத் தட்டின் ஓரத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. பலகை இலேசாகப் பருத்திருந்ததைப் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? சலவைக்கல் தினுசு ஷீட் வாங்கி அழகாக அதன்மேல் ஒட்டினோம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை புட்டாகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாலை, வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில், அடித்தட்டு நொறுங்கிப் பக்கப் பலகையும் சாய்ந்தது. மேல் தட்டிலிருந்த எண்ணெய்ப் பாக்கெட்டுகள் சரிந்து உடைந்தன. சரக்கு எடுத்துக் கொடுக்கும் தம்பி ஒரு நிமிடம் முன்புதான் அந்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தான். எண்ணெய் நஷ்டம் பெரிதல்ல. அவன் மேல் விழுந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எனவே முதல் விதி இதுதான்: ஊறிய பலகைமேல் ஷீட் ஒட்டாதீர்கள். விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். தூள் உதிர்ந்தால், பருத்திருந்தால், கரையான் மண் தெரிந்தால் அந்தப் பலகையை மாற்றுங்கள். அது புண்ணுக்குப் புனுகு பூசும் காரியம். கெட்டது ஒரு தட்டு என்றால் ஒரு தட்டை மட்டும் அளவுக்கு அறுத்து வாங்கலாம். முழு ராக்கையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒட்டும் முறை

நல்ல பலகை என்று உறுதி செய்துகொண்டபின் வேலையைத் தொடங்கலாம். இதற்குத் தனி ஆள் தேவையில்லை. இருவர் சேர்ந்தால் ஒரு விடுமுறை நாளில் ஒரு ராக்கை முடித்துவிடலாம்.

மளிகைக் கடை ராக்கில் முதல் எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிசுக்கின்மேல் ஒட்டிய ஷீட் ஒரு மாதத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்த வேண்டும். ஷீட் மெல்லியது. அடியில் ஒரு கடுகு இருந்தாலும் மேலே தெரியும். ஓரப் பட்டை பெயர்ந்து தூள் தெரியும் இடத்தில் பசை பிடிக்காது. அங்கே முதலில் பிரைமரோ வார்னிஷோ ஒரு கை பூசிக் காயவிடுங்கள். தண்ணீர் ஏறாமல் இருக்கவும் அது உதவும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். பலகையில் ஈரம் தங்கிவிடும்.

ஷீட்டைத் தேவைக்கு மேல் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பின்தாளை முழுவதும் உரித்துவிடக் கூடாது. நான்கு விரற்கடை உரித்து, நேராக வைத்து ஒட்டி, ஒருவர் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, மற்றவர் துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கொப்புளம் எழுந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம். முன் ஓரத்தில் மடக்கி ஒட்டும்போது தலைமுடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடு காட்டினால் ஷீட் இளகிப் படியும். அதிகச் சூடு காட்டினால் சுருங்கிவிடும்.

புதிதாகப் பெட்டியில் ராக் வாங்குபவர்கள் பொருத்துவதற்கு முன்பே ஒட்டிவிடுவது மேல். பலகை தரையில் கிடக்கும்போது வேலை சுலபம். ஆனால் திருகும் குச்சியும் போகும் துளைகளை மறைக்காமல் வெட்டிவிட வேண்டும். ஒரு பலகை இன்னொன்றோடு பொருந்தும் முனையில் ஒட்டக் கூடாது. ஏற்கெனவே நிறுத்திய ராக்கை ஒட்டுவதற்காகப் பிரிக்க வேண்டாம். தூள் பலகையில் ஒருமுறை கழற்றிய திருகு மறுமுறை பழைய பிடிப்போடு நிற்காது.

இனி அளவு. 6 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம், ஐந்து தட்டு உள்ள ஒரு ராக்கை எடுத்துக்கொள்வோம். பக்கங்களின் உட்புறம் 12 சதுர அடி, தட்டுகளின் மேற்புறம் 15, பின்பக்கம் 18. ஆக 45 சதுர அடி. கடைகளில் கிடைக்கும் 45 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளச் சுருள் ஒன்று ஏறக்குறைய 48 சதுர அடி. ஒரு சுருள் போதும் என்றுதான் தோன்றும். போதாது. ஷீட்டைச் சதுர அடியில் ஒட்டுவதில்லை, நீளத்தில்தான் ஒட்டுகிறோம். தட்டுக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வீதம் ஐந்துக்கு நாலரை மீட்டர். பக்கங்களுக்கு 3.7 மீட்டர். பின்பக்கத்துக்கு இரண்டு வரிசையாக இன்னும் 3.7 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 12 மீட்டர் ஆகிவிடும். பின்பக்கத்தைச் சரக்கு மறைத்துவிடுகிறது. அதை விட்டுவிட்டால் ஒரே சுருளில் வேலை முடியும். தட்டுக்கு ஒரு அடி போக மிஞ்சும் அரை அடித் துண்டை முன் ஓரங்களை மடக்கவும், மேசை இழுப்பறைக்கு ஒட்டவும் பயன்படுத்தலாம்.

தினுசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலவைக்கல் கோடும் பூவும் கடைவீதியில் பார்க்க நன்றாக இருக்கும். அதன்மேல் பிஸ்கட் பாக்கெட்டையும் சோப்பையும் அடுக்கினால் எது சரக்கு, எது ஷீட் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளையோ இளம் மர நிறமோ போதும். இருட்டான கடைக்கு வெள்ளை ஒரு விளக்குக்குச் சமம். கறுப்பு வேண்டாம். மாவுத் தூசி அதில் காலையிலிருந்தே தெரியும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

எல்லா இடத்திலும் ஒட்டிவிடலாம் என்று கிளம்பிவிடக் கூடாது.

கல்லாவுக்கு மேல் சாமி படம் வைத்து விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றும் தட்டில் ஒட்டவே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை வெறும் கரும்புகை அல்ல. ஹைட்ரஜன் குளோரைடு என்ற, மூச்சுக்குழலை அரிக்கும் வாயு அதில் உண்டு. அடைத்த கடைக்குள் அது ஆபத்து. சாமி தட்டுக்குக் கல்லோ எவர்சில்வர் தகடோ போதும். குளிர்பெட்டியின் சூடு வரும் பக்கத்திலும் ஒட்ட வேண்டாம்.

வெல்லம், பேரீச்சம்பழம், அப்பளம் போன்றவற்றைத் திறந்தபடி ஷீட்டின்மேல் வைக்கக் கூடாது. இது அலங்காரத்துக்குச் செய்த பிளாஸ்டிக்; உணவு தொடுவதற்குச் செய்தது அல்ல. பாக்கெட்டும் டப்பாவும் வைக்கலாம். எண்ணெய் டின் வைக்கும் தட்டில் தகரத் தட்டம் ஒன்று போட்டு வையுங்கள்.

இன்னொன்று, தூக்கிக்கொண்ட ஓரம். ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் கரப்பான்பூச்சிக்கு அது வாடகையில்லாத வீடு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கையால் தூக்கிப் பார்த்தால் நமக்குத்தான் தலைகுனிவு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. சிறு கடையானாலும் சுத்தமாக, பூச்சி அண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாதம் ஒருமுறை ஓரங்களைச் சுற்றிப் பார்த்து, தூக்கியதை ஒட்டுங்கள், ஒட்டாவிட்டால் உரித்துவிடுங்கள்.

இலவசமாக வரும் ஷீட்

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

"எதற்கு அண்ணாச்சி காசு செலவழிக்கிறீங்க? எங்க கம்பெனியே உங்க ராக் முழுக்க இலவசமா ஸ்டிக்கர் ஒட்டித் தரும்" என்று பிரதிநிதி சொல்வார். நம்மிடமும் ஒருவர் சொன்னார். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமல்ல. ஒரு காலையில் மூன்று பேர் வந்து இரண்டு மணி நேரத்தில் இரண்டு ராக்கையும், கவுண்ட்டரின் முன்பக்கத்தையும் பளபளவென்று மாற்றிவிட்டார்கள். கவுண்ட்டரில் நம் தந்தையார் காலத்திலிருந்து எழுதியிருந்த கடைப் பெயர் அந்த ஷீட்டுக்குள் போய்விட்டது. அதைக்கூட நாம் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள், முப்பது ஆண்டுகளாக மாதச் சிட்டையில் சாமான் வாங்கும் ஒரு அம்மாள் வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடையைக் கைமாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

பிறகுதான் மற்றவை தெரிய வந்தன. அந்த ராக்கில் வேறு கம்பெனிச் சரக்கை வைத்தால் பிரதிநிதி முகம் சுளித்தார். நம் ஊரில் குடிசைத் தொழிலாகச் செய்யும் ஊதுபத்தியையும் துணி சோப்பையும் பின்னால் தள்ளும்படி ஆயிற்று. அவற்றில்தான் நமக்கு லாபம் கூடுதல் என்பது ஒருபுறம். செய்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள் என்பது மறுபுறம். ஒன்றரை ஆண்டில் அந்தப் பிரதிநிதி மாறினார். வந்தவர், "அந்தத் திட்டம் முடிஞ்சு போச்சு" என்றார். ஷீட் வெளுத்து, படத்தில் சிரித்த நடிகையின் முகம் நீலம் பூத்தது. எடுத்துத் தருவார் யாரும் இல்லை. நாமே உரித்தோம். ஷீட்டோடு ராக்கின் மேல்தாளும் பெயர்ந்து வந்தது. சூடு காட்டி, மெதுவாகத் தாழ்வாக மடக்கி இழுத்திருந்தால் பலகை பிழைத்திருக்கும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். இலவசத்துக்கு நாம் கொடுத்த விலை இரண்டு ராக்.

நிறுவனங்கள் விளம்பரம் செய்வது அவர்கள் தொழில். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. தெருமுனையில் ஒரு விளம்பரப் பலகை வைக்க வேண்டுமானால் அதே நிறுவனம் வாடகை கொடுக்கிறது. பெரிய அங்காடிகளில் கண்ணுக்கு நேரான தட்டில் சரக்கு வைக்கவும் பணம் கொடுக்கிறது. நம் கடைக்குள், நம் ராக்கில், வாடிக்கையாளரின் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும் இடத்தை மட்டும் ஏன் இனாமாகக் கொடுக்க வேண்டும்? நாம் கேட்காததால்தான் அவர்கள் கொடுக்கவில்லை என்பதே நமது எண்ணம்.

ஆகவே இலவச ஷீட்டை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. விலை பேசி வாங்குங்கள் என்கிறோம். எந்த ராக், எத்தனை மாதம், அதற்கு மாதம் என்ன தருவார்கள், வேறு சரக்கு வைக்கத் தடை உண்டா, காலம் முடிந்ததும் உரிப்பது யார், பலகை சேதமானால் யார் பொறுப்பு என்ற ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பணமாகத் தராவிட்டால் சரக்காகவோ கூடுதல் கழிவாகவோ கேளுங்கள். கடைப் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள்.

தனி ஆளாகக் கேட்டால், "அடுத்த கடையில சும்மாவே ஒட்டிக்கிறாங்க" என்று போய்விடுவார்கள். இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பந்தப் படிவம் ஒன்றைச் சங்கமே அச்சடித்து எல்லா உறுப்பினருக்கும் கொடுக்கலாம். ஒரு வீதியில் இருக்கும் எல்லாக் கடையும் அதே தாளை நீட்டினால் பேச்சு மாறும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.

பில்லும் குப்பையும்

சொந்தக் காசில் ஷீட் வாங்குபவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் ஷீட்டுக்கும் தூள்பலகை ராக்குக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வழக்கமான முறையில் வரி கட்டுபவர்கள் கடைக்காக வாங்கியதற்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு அந்த 18 சதவீதமும் செலவுதான். ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

உரித்த ஷீட்டைக் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தும் பழக்கம் வேண்டாம். மேலே சொன்ன அதே நச்சுப் புகைதான் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது நம்மில் பலர் அபராதம் கட்டினோம். 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. விளம்பரப் பதாகைகளுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. ராக்கில் ஒட்டும் ஷீட் அந்தத் தடையில் சொல்லப்பட்ட பொருள் அல்ல. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஒட்டும் பொருளாக அதை ஆக்கிவிடக் கூடாது. கொஞ்சம் விலை கூடினாலும் கனமான ஷீட்டாக வாங்கி, நான்கைந்து ஆண்டு பழகவேண்டும். அதுதான் சிக்கனம்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பொருளை விற்பதிலும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டுச் சமையலறை அலமாரிக்கு ஒரு தாய்மார் 10 மீட்டர் சுருளை வாங்கத் தயங்குவார். அவருக்குத் தேவை 2 மீட்டர். முழுச் சுருளை வாங்கி மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடை இருந்தால் அங்கேதான் போவார். வெட்டும்போது எப்படி ஒட்டுவது, எங்கே ஒட்டக் கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் மறுபடியும் வருவார். செல்போனில் வாங்கினால் இந்த இரண்டு வார்த்தை கிடைக்காது. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதில் இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு அந்த ஸ்வீடன் தீப்பெட்டிச் சிறுவனே சாட்சி.

வணிக நண்பர்களே! கடை சுத்தமாக, வெளிச்சமாக, பார்க்க நன்றாக இருக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. அதற்காக வட்டிக்கு வாங்கி, சரக்குக்கு வைத்திருந்த பணத்தைச் சுவரில் அடித்துவிட்டு, பிறகு கடன் சொல்லிச் சரக்கு எடுக்கும் நிலைக்கு யாரும் போக வேண்டாம். நல்ல பலகைக்கு நல்ல ஷீட் ஒட்டுங்கள். கெட்ட பலகையை மாற்றுங்கள். யாராவது இலவசமாக ஒட்ட வந்தால் முதலில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

நம் கவுண்ட்டரில் இப்போது வெள்ளை ஷீட் ஒட்டி, அதன்மேல் கடைப் பெயரைப் பழைய எழுத்திலேயே வெட்டி ஒட்டியிருக்கிறோம். அந்த அம்மாள் சென்ற மாதம் சிட்டை கொண்டுவந்தபோது அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படியேறி வந்து, வழக்கமான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.